தமிழ்நாட்டு இளம்பெண்களும் கருத்தடை, கருக்கலைப்பு உரிமையும்

கருத்தடை, கருக்கலைப்பு ஆகியவை பற்றித் தமிழ்நாட்டு இளம்பெண்களிடம் இன்று காணப்படும் எண்ணங்கள் ஏறக்குறைய நூறாண்டு வரலாற்றின் விளைவாகும். 1920களில் தொடங்கிய கர்ப்பத்தடை விவாதம், 1950களில் வந்த குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம், 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், 2021இல் வந்த அதன் திருத்தம் ஆகியவை அந்த வரலாற்றின் முக்கியக் கட்டங்கள். குழந்தைப்பேற்றைக் குறைப்பதில் இந்தியாவின் முன்னணி மாநிலங்களுள் ஒன்றாகத் தமிழ்நாடு விளங்குகிறது. ஆயினும் இத்திட்டங்கள் பெரும்பாலும் இரண்டு குழந்தை பெற்று முடித்த மனைவியை மனத்திற்கொண்டே வகுக்கப்பட்டன. முதல் குழந்தையைத் தள்ளிப்போட விரும்பும் பெண்ணுக்கும், திருமணமாகாத பெண்ணுக்கும் அவற்றில் நெடுங்காலம் இடமிருக்கவில்லை. பணியின் பொருட்டு இளம்பெண்கள் பெருமளவில் தங்கியிருக்கும் கரையான்சாவடி, பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில் இந்த இடைவெளி தெளிவாகத் தெரிகிறது.

சொற்கள்

இத்துறையில் வழங்கிய சொற்களே கண்ணோட்ட மாற்றத்தைக் காட்டுகின்றன. 1930களின் தமிழ் இதழ்கள் ‘கர்ப்பத்தடை’ என்று எழுதின. கர்ப்பம் பெண்ணுடைய உடலில் நிகழ்வது. எனவே அச்சொல் பெண்ணைச் சுட்டியது. விடுதலைக்குப் பின் அரசு ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற சொல்லைப் பரப்பியது. நெருக்கடி நிலைக்குப் பின் 1977இல் அது ‘குடும்ப நலம்’ என மாறியது. இவ்விரு சொற்களிலும் குடும்பம் முன்னால் நிற்கிறது. திருமணமாகாத பெண் அவற்றுக்கு வெளியே இருக்கிறாள். பேச்சுவழக்கில் ‘ஆபரேஷன்’ என்றாலே பெண்ணுக்குச் செய்யும் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையைக் குறிக்கும் அளவுக்கு அது பரவலாகிவிட்டது. கருக்கலைப்புக்கோ ‘கலைச்சிட்டா’, ‘சுத்தம் பண்ணிட்டு வந்தா’ என்று குரல் தாழ்த்திச் சொல்லும் வழக்குகளே நிலைத்தன.

காலனியக் குற்றவியல் சட்டம்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 312 முதல் 316 வரையிலான பிரிவுகளில் கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்துடன் செய்யப்படுவது மட்டுமே விலக்கு. கருவைக் கலைப்பவருக்கு மூன்றாண்டு வரையிலும், கருவில் அசைவு தோன்றிய பின் கலைத்தால் ஏழாண்டு வரையிலும் சிறைத்தண்டனை விதிக்க முடியும். தானே கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளியே.

சட்டம் இருந்ததால் கருக்கலைப்பு நிற்கவில்லை. அது ரகசியமாயிற்று. பப்பாளி, எள், அன்னாசி போன்ற உணவு வைத்தியங்கள் பலனளிக்காதபோது, கருப்பைக்குள் குச்சியைச் செலுத்துவது போன்ற ஆபத்தான முறைகளைப் பெண்கள் நாடினர். இரத்தப்போக்கும் சீழ்ப்பிடிப்பும் பல உயிர்களைப் பறித்தன. குழந்தைத் திருமணமும் விதவைக் கோலமும் வழக்கிலிருந்த காலத்தில், கருவுற்ற இளம் விதவைக்குக் கிணறும் குளமும்தான் மாற்றுவழிகளாக இருந்தன.

இதே வகைச் சட்டம் இலங்கையிலும் 1883இல் வந்தது. அதன் 303ஆம் பிரிவின்படி தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பு செய்யலாம் என்ற நிலை அங்கு மாறவில்லை. ஒரே காலனியச் சட்ட மரபிலிருந்து வந்த இரு நாடுகளின் தமிழ்ப் பெண்கள் இன்று வேறுவேறு சட்டங்களின் கீழ் வாழ்கின்றனர்.

சென்னை மாகாணத்தில் கர்ப்பத்தடை விவாதம்

1920களின் இறுதியில் சென்னையில் புதுமால்தூசியக் கழகம் தோன்றியது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த வேப்பா இராமேசம் அதன் முன்னணியில் நின்றார். மேல்சாதிப் படித்த ஆண்களே அதில் பெரும்பான்மையினர். மக்கள்தொகைப் பெருக்கம் வறுமையை உண்டாக்குகிறது, ஏழைகள் அளவாகப் பெற வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். 1930இல் அண்டையிலுள்ள மைசூர் அரசு, அரசு மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனை நிலையங்களைத் திறந்தது.

அதே காலத்தில் பெரியார் ஈ.வெ.ராமசாமி தம் ‘குடி அரசு’ இதழில் முற்றிலும் வேறான காரணத்தை முன்வைத்தார். நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் சொல்வதிலிருந்து தம் கருத்து வேறுபடுகிறது என அவர் எழுதினார். பெண் சுதந்திரமாக வாழப் பிள்ளைப்பேறு தடையாக இருக்கிறது, அந்தத் தடையை நீக்கவே கர்ப்பத்தடை தேவை என்பது அவருடைய நிலைப்பாடு. பின்னர் வெளிவந்த ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்ற நூலில் இது தனி அத்தியாயமாக இடம்பெற்றது. சுயமரியாதை இயக்க மேடைகளில் பெண்கள் இதை வெளிப்படையாகப் பேசத் தொடங்கினர்.

தேசிய இயக்கத்தில் எதிர்ப்பு வலுவாக இருந்தது. 1935 டிசம்பரில் அமெரிக்கக் கருத்தடை இயக்கத் தலைவர் மார்கரெட் சாங்கர் வார்தாவில் காந்தியைச் சந்தித்தார். செயற்கை முறைகளைக் காந்தி ஏற்கவில்லை; புலனடக்கமே வழி என்றார். பெண் தலைவர்களிலும் பலர் செயற்கை முறைகளால் ஒழுக்கம் குலையும் என்று அஞ்சினர். அந்த அச்சம் இன்றுவரை வெவ்வேறு வடிவங்களில் தொடர்கிறது.

குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம்

1952இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கியது. இதில் சென்னை மாநிலம் முன்னோடியாக இருந்தது. 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ. கோபாலசுவாமி பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளரானார். அறுவை செய்துகொள்வோருக்குப் பணம் வழங்கும் முறை இங்கே 1950களின் பிற்பகுதியில் நடைமுறைக்கு வந்தது. அன்று அறுவை செய்துகொண்டவர்களில் ஆண்கள் மிகுதி.

1960களில் தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம் சுவர்களிலும் பேருந்துகளிலும் இடம்பிடித்தது. 1965இல் லூப், 1968இல் நிரோத் ஆணுறை ஆகியவை பரவலாக வழங்கப்பட்டன. ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்ற முழக்கம் பட்டிதொட்டியெங்கும் எட்டியது. நெருக்கடி நிலையின்போது, 1976–77ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. வடமாநிலங்களில் நடந்த கட்டாய அறுவைகள் கடும் வெறுப்பை உண்டாக்கின. அதன்பின் அரசுகள் ஆண்களை அணுகத் தயங்கின. திட்டத்தின் சுமை முழுவதும் பெண்ணின் மேல் விழுந்தது.

தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவங்கள் பெருகியதும், இரண்டாவது பிரசவம் முடிந்து வீடு திரும்புமுன் அறுவை செய்துகொள்வது வழக்கமாயிற்று. இருபதுகளின் நடுவிலேயே பல பெண்கள் ‘ஆபரேஷன்’ முடித்துவிடுகின்றனர். 2019–21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் ஏறக்குறைய 58 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை ஒரு சதவீதத்தையும் எட்டவில்லை. சராசரியாக ஒரு பெண் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை 1.8. மாத்திரை, ஆணுறை போன்ற தற்காலிக முறைகளின் பயன்பாடு மிகக் குறைவு.

இதன் விளைவு இளம்பெண்களின் எண்ணத்தில் படிந்துள்ளது. கருத்தடை என்பது பிள்ளை பெற்று முடித்தபின் செய்வது என்பதைத் தாயிடமும் அக்காவிடமும் பார்த்தே அவர்கள் வளர்கின்றனர். முதல் குழந்தைக்கு முன் மாத்திரை எடுத்தால் பின்னர் கரு தங்காது என்ற அச்சம் பரவலாக உள்ளது. மாத்திரையை நிறுத்தியபின் கருவுறும் தன்மை திரும்பிவிடும் என்பதே மருத்துவ உண்மை. ஆனால் திருமணமான சில மாதங்களிலேயே ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்று கேட்கும் சுற்றத்தாரின் நடுவே, குழந்தையைத் தள்ளிப்போடும் முடிவை எடுக்கும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

1971ஆம் ஆண்டுச் சட்டம்

ரகசியக் கருக்கலைப்பால் நேரும் மரணங்களைக் கருதி 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையின் வழியே மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 12 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், 20 வாரம் வரை இருவரின் கருத்தும் தேவை எனச் சட்டம் கூறியது. உயிராபத்து, உடல் அல்லது மன நலத்துக்குக் கடும் கேடு, வன்புணர்வு, சிசுவின் குறைபாடு, கருத்தடை முறை தவறிப்போதல் ஆகியவை காரணங்களாக ஏற்கப்பட்டன. 18 வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதல் மட்டுமே போதும். கணவனின் ஒப்புதலைச் சட்டம் கேட்கவில்லை.

எனினும் அச்சட்டத்தில் ஒரு வரம்பு இருந்தது. கருத்தடை முறை தவறியதைக் காரணமாகக் காட்டும் வாய்ப்பு ‘திருமணமான பெண் அல்லது அவளுடைய கணவர்’ என்ற சொற்களுக்குள் அடைக்கப்பட்டது. திருமணமாகாத பெண், தன் மன நலத்துக்குக் கடும் கேடு என்று மருத்துவரை நம்பவைக்க வேண்டியிருந்தது. சட்டம் முடிவெடுக்கும் உரிமையை மருத்துவரிடம் கொடுத்ததே தவிரப் பெண்ணிடம் கொடுக்கவில்லை.

மருத்துவமனை வாசலில்

சட்டம் கேட்காததை நடைமுறை கேட்டது. பல மருத்துவமனைகளில் கணவரின் கையொப்பம் வழக்கமாக வாங்கப்பட்டது. கருவைக் கலைக்க வந்த பெண்ணிடம், அறுவையோ காப்பர்-டியோ செய்துகொண்டால்தான் கலைக்க முடியும் என்று நிபந்தனை விதிப்பதும் இருந்தது. ஓ.பி. சீட்டில் கணவர் பெயரைக் கேட்பதும், ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்று வரிசையில் நிற்பவர்கள் காதுபடக் கேட்பதும், இளம்பெண்களை அரசு மருத்துவமனையிலிருந்து விலக்கித் தனியார் மருத்துவமனைக்கும் போலி மருத்துவரிடமும் தள்ளின. இலவசமாகவும் பாதுகாப்பாகவும் கிடைக்க வேண்டியதைப் பணம் கொடுத்தும் பாதுகாப்பின்றியும் பெற வேண்டியதாயிற்று. செங்கல்பட்டுப் பகுதியில் 1981 முதல் இயங்கும் ‘ரூவ்செக்’ போன்ற பெண்கள் அமைப்புகள் இத்தகைய அனுபவங்களைப் பதிவு செய்து வந்துள்ளன.

1980களில் உசிலம்பட்டி, சேலம், தருமபுரிப் பகுதிகளின் பெண்சிசுக் கொலை நாடெங்கும் பேசப்பட்டது. 1992இல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் நிறைவேறியது. பெண் கருவைக் காக்க வந்த அச்சட்டம் கருக்கலைப்பைத் தடை செய்யவில்லை. ஆனால் ‘கருவிலிருக்கும் குழந்தையைக் கண்டறிவதும் குற்றம், கலைப்பதும் குற்றம்’ என்ற குழப்பம் பொதுமக்களிடமும் மருத்துவர் சிலரிடமும் நிலைத்தது. கருக்கலைப்பு சட்டப்படி செல்லும் என்பதையே அறியாத பெண்கள் இன்றும் உள்ளனர்.

அவசரக் கருத்தடை மாத்திரை

லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டின்றி விற்க 2005இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. உறவு நிகழ்ந்த 72 மணி நேரத்துக்குள் எடுத்தால் இது கருமுட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போட்டுக் கருவுறுதலைத் தவிர்க்க உதவுகிறது. ஏற்கெனவே தங்கிய கருவை இது கலைக்காது. கருவைக் கலைக்கும் மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் மாத்திரைகள் வேறு. அவற்றை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இவ்விரண்டும் ஒன்றாகவே பார்க்கப்பட்டன. அவசர மாத்திரைக்குச் சட்டப்படி தடையில்லாதபோதும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கெடுபிடியால் மாநிலத்தின் மருந்துக் கடைகளில் அது பெரும்பாலும் கிடைக்காமற் போயிற்று. இளம்பெண்கள் ஒழுக்கம் தவறுவார்கள் என்ற வாதமும் எழுந்தது. அதே மாத்திரை அரசின் குடும்ப நலத் திட்டத்தில் இலவசப் பட்டியலில் உள்ளது. மணி நேரங்களில் தேவைப்படும் மருந்து கடையில் கிடைக்காதபோது, பின்னால் கருக்கலைப்பைத் தேட வேண்டிய நிலை சிலருக்கு ஏற்படுகிறது.

கரையான்சாவடி, பூந்தமல்லிப் பகுதி

கரையான்சாவடி, குமணன்சாவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையில் அமைந்த ஊர். பூந்தமல்லியில் மாநிலச் சுகாதாரத் துறையின் பொது சுகாதார நிறுவனம் உள்ளது. துறைப் பணியாளர்கள் அங்கே பயிற்சி பெறுகின்றனர். வடக்கே ஆவடியில் 1960களின் தொடக்கத்தில் டாங்கித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் 1964இல் தொழிற்பேட்டையும் எழுந்தன. மேற்கே ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா ஆலை தொடங்கியதையொட்டி மின்னணு ஆலைகள் பெருகின. அவற்றின் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் பிற மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். அவர்களும் சுற்றுவட்டாரப் பொறியியல், மருத்துவக் கல்லூரி மாணவியரும் பூந்தமல்லி வட்டார விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்குகின்றனர்.

ஊரில் இருக்கும் பெண்ணுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வருவார். அவருடைய பதிவேடு தகுதியுள்ள தம்பதியரைக் கணக்கெடுக்கும் பதிவேடு. விடுதியில் தங்கும் திருமணமாகாத பெண்ணின் பெயர் அதில் வராது. நாள் தள்ளிப்போனால் அவள் அறைத்தோழியையும் கைப்பேசியையும் நம்புகிறாள். விடுதிக் காப்பாளருக்குத் தெரிந்தால் வீட்டுக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரிந்தால் வேலை நின்றுவிடும் என்ற அச்சம் மருத்துவமனைக்குச் செல்வதைத் தாமதப்படுத்துகிறது. கருக்கலைப்பில் ஆபத்து வாரந்தோறும் கூடுவதால், இந்தத் தாமதமே பெரிய கேடாகிறது.

2021 திருத்தமும் 2022 தீர்ப்பும்

2021 செப்டம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், ‘திருமணமான பெண் அல்லது அவளுடைய கணவர்’ என்பதை ‘எந்தப் பெண்ணும் அல்லது அவளுடைய இணையர்’ என மாற்றியது. ஒரு மருத்துவரின் கருத்தில் 20 வாரம் வரையிலும், குறிப்பிட்ட பிரிவினருக்கு இருவரின் கருத்தில் 24 வாரம் வரையிலும் கருக்கலைப்பு செய்யலாம். பெண்ணின் பெயரை வெளியிடும் மருத்துவருக்குத் தண்டனையும் உண்டு.

2022 செப்டம்பர் 29 அன்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, 24 வார வரம்பில் திருமணமான பெண், திருமணமாகாத பெண் என வேறுபடுத்துவது அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. 18 வயதுக்குட்பட்ட பெண் வந்தால் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தகவல் தர வேண்டும். ஆனால் அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவளுடைய அடையாளத்தைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்றும் கூறியது. அதே ஆண்டு ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புக்கான அரசியலமைப்புப் பாதுகாப்பை நீக்கியிருந்தது.

இன்றைய நிலை

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தைப் பிடித்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் கருக்கலைப்பைக் குற்றமாகவே வைத்துள்ளது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு விலக்காக நிற்கிறது. ஆகவே இறுதி முடிவு இன்னும் மருத்துவரின் கருத்தையே சார்ந்துள்ளது. பெண்ணின் விருப்பமே காரணமாகப் போதும் என்ற நிலையை இந்தியச் சட்டம் எட்டவில்லை. ‘குடி அரசு’ முன்வைத்த வாதத்தை நோக்கிச் சட்டம் ஒரு பகுதி தூரம் நகர்ந்துள்ளது. ஓ.பி. சீட்டு, மருந்துக் கடை, செவிலியரின் பதிவேடு ஆகியவை அந்த மாற்றத்துக்கு இன்னும் முழுமையாக ஈடுகொடுக்கவில்லை.