பின்னால் வருபவருக்கு ஒரு விளக்கு

விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகிற வழியில் இருக்கிறது கம்மாபுரம். கரும்பு டிராக்டர்களும் லாரிகளும் ஓயாத பகுதி. ஒரு மார்கழி மாதத்து மாலை நேரம்... நண்பர் ஒருவர் தன் பழைய அம்பாசிடரில் முன்னால் போக, நான் இன்னொரு காரில் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். லேசாக இருட்டிவிட்டது. திடீரென்று ஆட்டு மந்தை ஒன்று சாலையில் இறங்க, நண்பர் பிரேக் போட்டார். நான் போடவில்லை! அவர் பிரேக் போட்டதே எனக்குத் தெரியாது. டெயில் லைட் எரிந்தால்தானே தெரியும்? கடைசி நொடியில் ஸ்டியரிங்கை ஒடித்து, ஓரத்துப் புழுதியில் இறங்கித் தப்பித்தேன்.

கை கால் உதறல் நின்றதும் நண்பரிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் அப்பாவியாகச் சொன்னார்: ‘‘எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் முன்னாடி பாத்துதானே ஓட்டறேன்!’’

யோசித்துப் பாருங்கள்... அவர் சொன்னது நிஜம்தானே? ஹெட்லைட் நமக்கு வழி காட்டுகிறது. உள்ளே இருக்கும் விளக்கு, கீழே விழுந்த சில்லறையைத் தேட உதவுகிறது. டெயில் லைட்டால் ஓட்டுபவருக்கு வெளிச்சமே கிடையாது. அது எரிவதை அவர் பார்ப்பதும் இல்லை. முன்பின் தெரியாத எவரோ ஒருவருக்காக நம் செலவில் எரிகிற விளக்கு அது!

இந்த யோசனை காருக்கு முன்பே ரயிலுக்கு வந்துவிட்டது. அடுத்த தடவை விருத்தாசலம் ஜங்ஷனில் நிற்கும்போது, ரயிலின் கடைசிப் பெட்டியைக் கவனியுங்கள். முதுகில் ‘எல்.வி.’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரியும். ‘இதுதான் கடைசி வண்டி’ என்று அர்த்தம். இரவானால் அங்கே சிவப்பு விளக்கு எரியும். வழியில் இணைப்பு அறுந்து நாலு பெட்டிகள் தண்டவாளத்திலேயே தங்கிவிட்டால் என்ன ஆகும்? பின்னால் வரும் ரயில் அவற்றில் போய் மோதும். அதனால்தான் ஒவ்வொரு ரயிலும் கடக்கும்போது, அந்தக் கடைசி அடையாளம் இருக்கிறதா என்று ஸ்டேஷனில் பார்க்கிறார்கள். அது கண்ணில் படாவிட்டால், ரயில் முழுசாக வந்து சேர்ந்ததாகக் கணக்கில்லை!

கார்கள் இந்தப் பாடத்தை மெதுவாகத்தான் படித்தன. 1908-ல் ஹென்றி ஃபோர்டு கொண்டுவந்த ‘மாடல் டி’ காரின் பின்னால் ஒரே ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. பொழுது சாய்ந்ததும் காரை நிறுத்தி, இறங்கிப் போய்த் தீக்குச்சி கிழித்து ஏற்ற வேண்டும். காற்றில் அணைந்தால் ஓட்டுபவருக்குத் தெரியாது. நம் நண்பர் கதைதான்!

பிரேக் போடுவதைப் பின்னால் வருபவருக்குச் சொல்ல யோசித்தவர்களில் ஒரு சினிமா நடிகையும் உண்டு. ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ் என்ற ஹாலிவுட் மௌனப்பட நட்சத்திரம். கார் பைத்தியம். பிரேக்கை மிதித்தால் பின்னால் ‘ஸ்டாப்’ என்ற பலகை எழுந்து நிற்பது போல் 1914 வாக்கில் ஓர் அமைப்பை உருவாக்கினார். பாவம், அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை.

சரி, நம் அம்பாசிடருக்கு வருவோம். அது இங்கிலாந்தின் ‘மோரிஸ் ஆக்ஸ்போர்டு’ காரின் இந்தியப் பிறவி. 1950-களின் கடைசியில் ஆரம்பித்து, 2014-ல் உற்பத்தி நிற்கும்வரை உடல்வாகு பெரிதாக மாறவில்லை. பழைய காருக்கு இன்றும் வைத்தியம் பார்க்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மறுநாள் விருத்தாசலத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். கண்ணாடி மூடியைக் கழற்றி, பல்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ‘‘பல்பு நல்லாத்தான் இருக்கு சார். எர்த் போயிடுச்சு’’ என்றார்.

அதென்ன எர்த்? காரில் பல்புக்கு மின்சாரம் போவதற்குத்தான் ஒயர். திரும்பி வருவதற்குக் காரின் இரும்பு உடம்பே பாதை. மழைத் தண்ணீர் புகுந்து ஹோல்டரில் துரு ஏறிவிட்டால் பாதை அடைபட்டுவிடும். சில கார்களில் பிரேக் போட்டால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும், பார்த்திருப்பீர்கள். வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்து பல்பு வழியாகத் திரும்புவதால் வரும் கூத்து அது!

மெக்கானிக் உப்புத்தாளால் ஹோல்டரைச் சுரண்டிப் பளபளப்பாக்கினார். தனியாக ஒரு ஒயரைக் காரின் உடம்போடு சேர்த்து முடுக்கினார். பல்புக்குள் இரண்டு இழைகள். 5 வாட் இழை இரவு முழுக்க எரிய; 21 வாட் இழை பிரேக் போட்டால் மட்டும். மாற்றிச் செருகிவிடக் கூடாது என்பதற்காக, பல்பின் பக்கவாட்டில் உள்ள இரண்டு முனைகளையும் ஏற்ற இறக்கமாக வைத்திருக்கிறார்கள். வெயிலில் வெளுத்துப்போன சிவப்பு மூடியைத் தண்ணீர் தொட்டு மெல்லிய தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டார். நைந்துபோன ரப்பர் பீடிங்கை மாற்றினார். மொத்தமே ஒரு மணி நேரம். பல்புக்கு ஆன காசைவிட டீ, வடைக்கு ஆனதுதான் அதிகம்!

இத்தனை சின்ன விளக்கால் என்ன ஆகிவிடப் போகிறது என்கிறீர்களா? 1974-ல் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர், சான்ஃபிரான்சிஸ்கோவில் 343 டாக்ஸிகளின் பின்பக்கம் கூடுதலாக ஒரு பிரேக் விளக்கைப் பொருத்தினார். அந்த டாக்ஸிகளில் பின்னால் வந்து மோதும் விபத்துகள், மற்ற டாக்ஸிகளைவிட 60 சதவிகிதம் குறைந்தன! 1986 முதல் அமெரிக்காவில் புதுக் கார்களுக்கு மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயமானது. எல்லாக் காருக்கும் வந்து பழகிய பிறகு பலன் வெகுவாகக் குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும், ஒரு பல்பு உயிரைக் காப்பாற்றும் என்பதில் சந்தேகமில்லை.

நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. 1989-ம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்பக்கச் சிவப்பு விளக்கைக் கட்டாயமாக்குகின்றன. ஆனால், கரும்பு வெட்டும் காலத்தில் இருட்டிய பிறகு சாலைக்குப் போய்ப் பாருங்கள். டிரெய்லரைத் தாண்டி நாலு பக்கமும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பின்னால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல் டிராக்டர்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். டூவீலரில் வேகமாக வரும் ஒரு பையனுக்கு அது கடைசி நொடியில்தான் தெரியும்.

இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். காரை வீட்டுச் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தி, பிரேக்கை மிதித்துக் கண்ணாடியில் பாருங்கள். சுவரில் இரண்டு பக்கமும் சிவப்பு விழுகிறதா? ஒரு பக்கம்தான் என்றால், நாளைக் காலையில் முதல் வேலை மெக்கானிக்கிடம் போவது.

நண்பர் இப்போது தினமும் அப்படித்தான் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்.