பதவியிடமும் துறையின் வரலாறும்

பல்கலைக்கழகங்கள் வெளியிடும் பதவியிட அறிவிப்புகளை வேலை தேடுவோர் மட்டுமே படிப்பது வழக்கம். மொழி வரலாற்றில் நாட்டமுடையோரும் அவற்றைப் படித்தல் வேண்டும். எப்பாடத்திற்கு ஆள் தேவை, அவர் எம்மொழி அறிந்திருத்தல் வேண்டும், பதவி நிரந்தரமானதா ஒப்பந்த அடிப்படையிலானதா என்னும் மூன்றையும் நோக்கினால், அந்நிறுவனம் எவ்வறிவைப் பேண விரும்புகிறது என்பது புலனாகும். இதற்கு மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் வரலாறே சான்று.

1949இல் சிங்கப்பூரில் தோன்றிய அப்பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியலுக்குத் துறை அமைக்கும் எண்ணம் எழுந்தபோது, அதன் முதன்மை மொழி எது என்னும் வினாவும் உடன் எழுந்தது. தென்னிந்திய வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்தைப் பரிந்துரைத்தார். இவ்வட்டாரத்து இந்தியருள் பெரும்பாலோர் தமிழராயிருக்க, தமிழே இடம்பெறல் வேண்டும் எனத் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி வாதிட்டார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டது. தொழிலாளரும் பொருள் ஈந்தனர். 1956இல் துறை தொடங்கியபோது தமிழ் அதில் இடம்பெற்றது.

மேலோட்டமாகக் காண்போர்க்கு இது பாடத்தைப் பற்றிய வழக்காகத் தோன்றலாம். உண்மையில் இது பதவிகளைப் பற்றியதுமாகும். பரிந்துரை ஏற்கப்பட்டிருப்பின், சமஸ்கிருதம் கற்றோரே விரிவுரையாளர்களாக அமர்ந்திருப்பர். அவர்தம் மாணாக்கரே அடுத்த தலைமுறை ஆய்வாளராயிருப்பர்.

துறை 1959இல் கோலாலம்பூருக்கு மாறியது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் கற்பித்துவந்த தனிநாயகம் அடிகளார் 1961இல் அதன் தலைமையை ஏற்றார். இலங்கையிலிருந்து வந்த வரலாற்றறிஞர் சின்னப்பா அரசரத்தினமும் அங்குப் பணியாற்றினார். 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு அந்நகரிலேயே கூடியது. தகுதியுடையார் சிலர்க்கு இடமளித்ததன் பயன் இத்துணை விரிந்தது.

விரிவுரையாளர் பதவிகளோடு இது முடிவதன்று. 1969இல் மலாயாப் பல்கலைக்கழக நூலகம், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியலை வெளியிட்டது. தொகுத்தவர் இராம சுப்பையா. இத்தகைய பணிக்குத் தமிழறிந்த நூலகர் இன்றியமையாதவர். ழகரத்தை ஒருவர் ஓரெழுத்தாலும் மற்றொருவர் ஈரெழுத்தாலும் ரோமன் வரிவடிவில் பெயர்த்தெழுதின், ஒரே நூல் இரு வடிவங்களில் பதிவாகும். ஒன்றைத் தேடுவோர்க்கு மற்றொன்று அகப்படாது. நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததாகிவிடும்.

இன்று நம் தலைமுறையினர் ஒருவர்பின் ஒருவராக ஓய்வுபெறுகின்றோம். ஓரிடம் காலியாகும்போது அது மூன்று வகையில் முடியலாம்: அதே தகுதியோடு மீண்டும் அறிவிக்கப்படலாம், வேறு பாடத்திற்கு மாற்றப்படலாம், அறிவிக்கப்படாமலே மறையலாம். பின்னிரண்டும் ஓசையின்றி நிகழ்வன. துறையின் பெயர்ப்பலகை மாறாதிருப்பதால் இழப்பு வெளியே தெரிவதில்லை.

தமிழாய்வு வேலை தருமா என மாணவர் வினவுகின்றனர். இடங்கள் சிலவே என்பதை மறைத்தல் முறையன்று. ஆயினும் இடம் திறக்கும் நாளில் தகுதியுடையார் ஒருவரும் இலரெனின், விண்ணப்பம் வரவில்லை என்பதையே காரணமாகக் காட்டி அவ்விடத்தை நீக்கிவிடுதல் எளிது. முனைவர் பட்டத்திற்கோ பல்லாண்டுகள் வேண்டும். ஆதலின் ஆர்வமுள்ள மாணவரை அறிவிப்பு வரும் முன்னரே ஆயத்தப்படுத்துதல் ஆசிரியர்தம் கடன். அறிவிப்பு வந்தபின் அதில் தமிழறிவு ஒரு தகுதியாகக் குறிக்கப்பட்டுள்ளதா என நோக்குவதும், இல்லையெனில் காரணம் கேட்பதும் நம் அனைவர்க்கும் உரியன. 1950களில் நம் முன்னோர் கேட்டதும் அதுவே.