புதன்கிழமை இரவு 11.59

1929-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பக்கம் ஒரு விசித்திரமான வானொலிக் கருவி வேலை செய்யத் தொடங்கியது. அதற்கு மின் இணைப்பு கிடையாது. அடியில் இரண்டு சைக்கிள் பெடல்கள் இருந்தன. காலால் மிதித்தால் மின்சாரம் பிறக்கும், பிறந்த மின்சாரத்தில் செய்தி பறக்கும். அக்கம்பக்கம் என்று சொல்ல ஒரு வீடுகூட இல்லாத ஆட்டுப்பண்ணை, மாட்டுப்பண்ணைக் குடும்பங்கள் ஆபத்து நேரத்தில் டாக்டரை அழைப்பதற்காக அடிலெய்டு நகரத்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் டிரேகர் செய்துகொடுத்த கருவி அது. ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் அதற்கு முந்தைய ஆண்டுதான் விமானத்தில் டாக்டரை அனுப்பும் சேவையைத் தொடங்கியிருந்தார். அந்தக் கருவி ஒருநாள் பள்ளிக்கூடம் நடத்தப் போகிறது என்று இருவரும் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

நினைத்தவர் வேறொருவர். அடிலெய்டு மீத்கே, ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். பறக்கும் டாக்டர் சேவையின் தெற்கு ஆஸ்திரேலியக் கிளையில் பொறுப்பு வகித்த இந்த அம்மையார் 1940களில் உள்நாட்டுப் பகுதிக்குப் போனபோது ஒன்றைக் கவனித்தார். அங்கிருந்த பிள்ளைகள் வெளியாளைக் கண்டால் கூசி ஒதுங்கினார்கள். தபாலில் வந்த பாடங்களைத் தனியே படித்துத் தனியே எழுதி வளர்ந்த பிள்ளைகள். சக மாணவனின் குரலையே கேட்டிராதவர்கள். டாக்டரின் வானொலி சும்மா இருக்கும் நேரத்தில் ஆசிரியரின் குரலை அதில் அனுப்பினால் என்ன என்று அவர் கேட்டார். 1951 ஜூன் 8 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்து ‘வானொலிப் பள்ளி’ ஒலித்தது. ஆசிரியர் பேசினார், பிள்ளைகள் கேட்டார்கள். ஆனால் அங்கேயே ஒரு ஓட்டையும் இருந்தது.

பேச்சு ஒருவழிப் பாதையாக ஓடியது. மறுமுனையில் பிள்ளை கேட்கிறானா, தூங்குகிறானா, கன்றுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடிவிட்டானா, ஆசிரியருக்குத் தெரிய வழியில்லை. அதனால் பின்னர் ஒவ்வொரு ஒலிபரப்பின் முடிவிலும் கேள்வி-பதில் நேரம் ஒன்றைச் சேர்த்தார்கள். அதன்பின் பெயர் சொல்லிக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு பிள்ளையின் பதிலை அலைவரிசையில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். கூச்சப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பறை கிடைத்தது. அப்படிப்பட்ட பிள்ளைகளில் ஒருவன் பின்னாளில் இதை உலகத்துக்கே கொண்டுபோனான்.

மார்ட்டின் டூகியாமாஸ் என்ற அந்தச் சிறுவன் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஒரு சின்னக் குடியிருப்பில் வளர்ந்தவன். அவனுடைய ஆரம்பப் பள்ளி வானொலியிலும் தபாலிலும் நடந்தது. வளர்ந்து பெர்த் நகரத்தின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் இணையவழிப் பாடங்களுக்கான மென்பொருளைக் கவனிக்கும் வேலைக்கு வந்தார். விலை கொடுத்து வாங்கிய அந்த மென்பொருள் அவருக்குத் திருப்தி தரவில்லை. தானே ஒன்றை எழுதினார். 2002 ஆகஸ்ட் 20 அன்று இலவசமாகவே வெளியிட்டார். அதுதான் மூடுல். பாடக் குறிப்புகளை ஏற்றிவைப்பதோடு அது நிற்கவில்லை. வினாடி வினா, ஒப்படைப்பு, கலந்துரையாடல் என்று மாணவர் ஏதாவது செய்தாக வேண்டிய பகுதிகளைத் தனியே வகுத்து, ‘செயல்பாடுகள்’ என்று தலைப்பிட்டது. கருவி கைக்கு வந்துவிட்டது. அதே காலத்தில் சென்னையில் வேறொரு முயற்சி வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது.

நாட்டில் பொறியியல் கல்லூரிகள் பெருகிவிட்டன. தேர்ந்த ஆசிரியர்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. ஐஐடி பேராசிரியர்களின் வகுப்பையே படம்பிடித்து எல்லாருக்கும் கொடுத்துவிடலாம் என்ற யோசனை 1999-ல் எழுந்தது. 2003-ல் மத்திய அரசின் நிதி வந்தது. ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்த அந்தத் திட்டம்தான் என்பிடிஇஎல். ஒருங்கிணைக்கும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கு. நூற்றுக்கணக்கான பாடங்கள் மணிக்கணக்கில் பதிவாகின, யூடியூபிலும் ஏறின. இங்கே நெய்வேலியின் கதை நினைவுக்கு வருகிறது. அங்கே 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தபின் மேல்மண்ணை அகற்றவே நான்கு ஆண்டுகள் பிடித்தன. 1961 ஆகஸ்டில்தான் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. என்பிடிஇஎல்லின் முதல் பத்தாண்டும் அப்படிப்பட்ட மேல்மண் வேலைதான். வீடியோ இருந்தது, பார்க்க ஆள் இருந்தார்கள். பார்த்தவருக்குப் புரிந்ததா என்று கேட்பதற்குத்தான் ஏற்பாடு இல்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் பழைய ஓட்டை சென்னையில் மறுபடி திறந்திருந்தது. அடைக்கும் வழி ஒரு உறவுக்காரப் பெண்ணின் கணக்குப் பிரச்சினையிலிருந்து வந்தது.

2004-ல் பாஸ்டனில் முதலீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த சல்மான் கான், நியூ ஆர்லியன்ஸில் இருந்த உறவுக்காரப் பெண் நாடியாவுக்குத் தொலைபேசியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். விஷயம் குடும்பத்தில் பரவியது. இன்னும் பல பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கணக்குக் கொடுத்து மாளவில்லை. எனவே கேள்விகளைத் தானே உருவாக்கித் தரும் சின்ன மென்பொருள் ஒன்றை எழுதினார். யூடியூபில் போடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னது அதற்குப் பிறகு, 2006-ல். நேரில் சொல்வதைவிட வீடியோவில் சொல்வதுதான் பிடித்திருக்கிறது என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்; வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், திரும்பப் பார்க்கலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். உலகம் கண்டது வீடியோவை. முதலில் பிறந்ததோ கேள்வி. இந்தக் கதை 2011-ல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஒருவரின் காதில் விழுந்தது.

அவர் செபாஸ்டியன் திரன். பீட்டர் நார்விக்குடன் சேர்ந்து நடத்தவிருந்த செயற்கை நுண்ணறிவு வகுப்பை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டார். 1,60,000 பேர் பதிந்துகொண்டார்கள். ஒரு மணி நேர விரிவுரை கிடையாது. சில நிமிட வீடியோ, நடுவே ஒரு கேள்வி, மாணவர் பதில் சொன்ன பிறகுதான் அடுத்தது. எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதுதானே இணையத்தின் சிறப்பு? அதையே அவர்கள் கைவிட்டார்கள். வாரந்தோறும் வீட்டுப்பாடம், அதற்கு ஒரு கெடு. காரணத்தை நார்விக் பின்னர் மேடையில் விளக்கினார். எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்றால் மனிதர்கள் எப்போதுமே செய்வதில்லை. அத்துடன், எல்லாரும் ஒரே வாரத்தில் ஒரே கணக்கோடு மல்லுக்கட்டினால்தான் ஒருவர் கேட்கும் சந்தேகத்துக்கு இன்னொருவரால் பதில் சொல்ல முடியும். 20,000 பேருக்கு மேல் கடைசிவரை வந்தார்கள். பதிந்தவர்களில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் எந்தப் பல்கலைக்கழக அரங்கும் கண்டிராத வகுப்பு அது. சென்னையில் இருந்தவர்கள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

2014 மார்ச்சில் என்பிடிஇஎல் தன் முதல் சான்றிதழ்ப் பாடத்தைத் திறந்தது. கணினி நிரலாக்கம் பற்றிய பத்து வாரப் பாடம். வாரந்தோறும் வீடியோக்கள் வந்தன. கூடவே அசைன்மென்டும் அதற்கு ஒரு கெடுவும் வந்தன. கலந்துரையாடப் பொதுவான இடம் ஒன்றும், முடிவில் நேரில் போய் எழுதும் தேர்வும் இருந்தன. படிப்பு இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். பின்பு சேர்ந்த ஒரு விதியில் அனுபவசாலியின் கைவண்ணம் தெரிகிறது. 12 வாரப் பாடத்தில் 12 அசைன்மென்டுகளில் சிறந்த 8 மட்டுமே கணக்கில் வரும். காய்ச்சலில் ஒரு வாரம் போகலாம், ஊர்த் திருவிழாவில் ஒரு வாரம் போகலாம். கெடு கறாரானது, ஆனால் நான்கு முறை மன்னிக்கும்.

ஷிப்டு முறையில் வாழும் நெய்வேலி போன்ற ஊருக்கு இந்த மன்னிப்பு அளந்து தைத்தது. இந்த வாரம் பகல் வேலை, அடுத்த வாரம் இரவு வேலை என்று மாறிக்கொண்டே இருப்பவரால் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு வகுப்பில் போய் உட்கார முடியாது. வாரத்துக்கு ஒரு கெடு என்றால் ஏழு நாளில் எங்காவது இரண்டு மணி நேரத்தை ஒதுக்கிவிடலாம். நெய்வேலி டவுன்ஷிப்பின் வட்டங்களில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் கெடு மனப்பாடம்: புதன்கிழமை இரவு 11.59. அதற்குள் விடைகளைத் தேர்ந்தெடுத்து ‘சப்மிட்’ அழுத்தியாக வேண்டும்.

அந்தப் பொத்தான் யாருக்கும் அதிசயமாகத் தெரிவதில்லை. சலிப்போடுதான் அதை அழுத்துகிறார்கள். ஆனால் பெடல் வானொலியிலிருந்து கைப்பேசி வரை ஒவ்வொரு முறையும் முதலில் போனது ஆசிரியரின் குரல். ஒவ்வொரு முறையும் அது மட்டும் போதவில்லை. பதில் கேட்கும் கேள்வி, அதற்கு ஒரு கெடு, அதே கேள்வியோடு கூட உட்கார்ந்திருக்கும் நாலு பேர் என்ற மூன்றும் சேர்ந்த பிறகுதான் தொலைவிலிருந்து படிப்பது படிப்பாயிற்று. இன்றைக்கும் என்பிடிஇஎல்லின் 100 மதிப்பெண்ணில் 25 வாராந்தர அசைன்மென்டுக்கு, 75 தேர்வுக்கு. வீடியோ பார்த்ததற்கு மதிப்பெண் இல்லை.