கடதாசிக் கிரீடத்தின் விலை

2001ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டின் தரையெங்கும் கிராக்கர்கள் கிடந்தன. யார் கண்ணில் பட்டதோ அவர் குனிந்து எடுத்துக்கொண்டார். எடுத்தவரால் அதைத் தனியாக வெடிக்க முடியாது. இன்னொரு ஆட்டக்காரர் அருகில் நிற்க வேண்டும். இழுத்ததும் உள்ளிருந்து ஒரு கடதாசித் தொப்பி வரும். அது இருவரில் யாருக்கு என்பதை விளையாட்டே குலுக்கிப் போட்டு முடிவுசெய்யும். அந்தத் தொப்பி ஆறு நிறங்களில் இருந்தது. அதனால் பயன் ஒன்றுமில்லை. வாள்வெட்டைத் தடுக்காது, அணிந்தவரின் பலத்தைக் கூட்டாது. தலையில் வைத்துக்கொண்டு நடக்கலாம், அவ்வளவுதான்.

இந்த யோசனை பிரித்தானியரின் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்தது. லண்டன் மிட்டாய் வியாபாரி டொம் சிமித் 1840களில் தொடக்கிவைத்ததாகச் சொல்லப்படும் கிராக்கருக்கும் இதே விதிதான்: ஒரு முனை உனக்கு, மறுமுனை எனக்கு. உள்ளே இருக்கும் கடதாசிக் கிரீடம் அன்று மாலைக்குள் கசங்கிவிடும். கேம்பிரிட்ஜில் படித்த அன்ட்ரூ கவர், சகோதரர் போலின் துணையோடு 2001 ஜனவரியில் வெளியிட்ட விளையாட்டு ரூன்ஸ்கேப். அது இலவசம், இறுவட்டு வாங்கத் தேவையில்லை, இணைய உலாவியிலேயே ஓடியது. வீட்டில் நல்ல கணினி இல்லாத பிள்ளையும் நூலகக் கணினியில் உட்கார்ந்து அந்த உலகத்துக்குள் போகலாம். பிரித்தானியாவிலும் கனடாவிலும் வளர்ந்த எங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அப்படித்தான் போனார்கள்.

இணைய விளையாட்டுகளின் பருவகால விழாக்களை எது நடத்த வேண்டும், பரிசா, மகிழ்ச்சியா என்ற விவாதம் இன்றைக்கும் ஓயவில்லை. அதன் வரலாற்றைப் பார்க்க விரும்புகிறவர் இந்தத் தொப்பியிலிருந்து தொடங்கலாம்.

தொப்பியைப் பெற்றவர்களில் பலர் அதை ஒரு நாள் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார்கள். சிலர் தூக்கி எறிந்தார்கள். சிலர் விளையாட்டையே விட்டுப் போனார்கள். தொப்பியும் அவர்களுடைய கணக்குக்குள் பூட்டிக் கிடந்தது. நிறுவனம் அந்தத் தொப்பிகளை மறுபடி கொட்டவில்லை. ஆனால் அவற்றை ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் விற்கலாம், வாங்கலாம். ஆட்டக்காரர் தொகை ஆண்டுதோறும் பெருகியது. தொப்பிகளின் தொகை குறைந்துகொண்டே போனது. பிறகு நடந்ததைச் சொல்லப் பொருளியல் பட்டம் தேவையில்லை. அப்போது ரூன்ஸ்கேப்பில் ஒருவர் ஓரிடத்தில் குவித்து வைக்கக்கூடிய நாணயத்தின் உச்ச அளவு 2,147,483,647 ஆக இருந்தது. கணினி ஓர் எண்ணைப் பதிந்துவைக்கும் முறையால் வந்த எல்லை அது. நீலத் தொப்பியின் விலை அந்த எல்லையையும் தாண்டிப் போனது. மிச்சத் தொகைக்கு வேறு பொருட்களைச் சேர்த்துக் கொடுத்துத்தான் அதை வாங்க முடிந்தது.

விலை ஏறியதைவிடப் பெரிய மாற்றம் கிராக்கருக்கு நேர்ந்தது. வெடிக்காத கிராக்கருக்குத் தொப்பியைவிடக் கூடிய மதிப்பு வந்தது. அதை யாரோடு இழுப்பது? குலுக்கலில் தொப்பி மற்றவருக்குப் போய்விட்டால் ஒரு செல்வமே கைநழுவும். ஆகவே எவரும் இழுக்கவில்லை. இரண்டு பேர் சேராமல் நடக்காத விளையாட்டு என்று உருவாக்கப்பட்ட பொருள், எவரோடும் சேராமல் பெட்டகத்தில் வைத்துக் காக்கும் சொத்தாகிவிட்டது. நத்தார் மறந்துபோயிற்று, சந்தை நிலைத்தது.

ஜாகெக்ஸ் நிறுவனம் இதிலிருந்து பாடம் படித்தது என்றே சொல்ல வேண்டும். 2002இல் உயிர்த்த ஞாயிறு முட்டைகளும், ஹாலோவீன் முகமூடிகளும், சாண்டா தொப்பிகளும் வந்தன. அவையும் விற்கக்கூடியவையாக இருந்ததால் அதே வழியில் போயின. 2003இலிருந்து விதி மாறியது. அந்த ஆண்டின் முயல் காதும் ஹாலோவீன் அரிவாளும் கைமாற்ற முடியாத பொருட்கள். வந்து கலந்துகொண்டவர் எவருக்கும் அவை கிடைக்கும், விற்க முடியாது. பிற்காலத்தில், விழாப் பொருளைத் தொலைத்தவர் டிரேனர் கிராமத்தில் நிற்கும் டியாங்கோ என்ற பொம்மை வியாபாரியிடம் போனால் அதைத் திரும்பப் பெறலாம் என்ற ஏற்பாடும் வந்தது. பரிசு ஒழிக்கப்படவில்லை. அது கூலியாக இருப்பதை விட்டு நினைவுப்பொருளாகியது.

பரிசை விரும்புகிறவர்களைப் பேராசைக்காரர் என்று ஒதுக்குவது இலகு. அது நியாயமில்லை. 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் டிரப்ஷோவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய மட் என்ற எழுத்துவடிவ விளையாட்டிலிருந்துதான் இன்றைய இணைய உலகங்களின் வம்சம் தொடங்குகிறது. 1996இல் பார்ட்டில் ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டக்காரரை அவர் நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருகிறவர், தேடிப் பார்க்க வருகிறவர், பழக வருகிறவர், மற்றவரை அடிக்க வருகிறவர். சாதிக்க வருகிறவருக்குப் பரிசே மகிழ்ச்சி. அவரிடம் போய் ‘பரிசை விடு, மகிழ்ச்சியாக இரு’ என்றால் அவருக்கு விளங்காது. அதோடு, விழாவுக்குக் கூட்டம் வேண்டும். வெறும் திடலில் திருவிழா நடக்காது. வழுக்குமரத்தின் உச்சியில் பணமுடிப்பு கட்டியிருப்பதால்தான் இளைஞர்கள் ஏற வருகிறார்கள். அவர்கள் வழுக்கி விழுவதைப் பார்க்கத்தான் ஊர் கூடுகிறது.

ஆனால் பரிசு, கூட்டத்தைத் தவறான திடலுக்கு அனுப்பவும் கூடும். 2004 நவம்பரில் வெளிவந்த வேர்ல்ட் ஒஃப் வோர்கிராப்ட் தொடக்கம் முதலே பண்டிகை நாட்காட்டியோடு வளர்ந்த விளையாட்டு. நத்தாரை ஒத்த குளிர்கால விருந்து, ஹாலோவீன், சந்திரப் புத்தாண்டு என்று ஆண்டு முழுவதும் விழாக்கள் வந்துபோயின. 2008 ஒக்ரோபரில் சாதனைப் பட்டியல்கள் சேர்க்கப்பட்டன. விழாக்களின் பட்டியல்களையெல்லாம் முடிப்பவருக்கு ஊதா நிறத்தில் ஒரு பறக்கும் டிராகன். அதுவரை விரும்பியவர் எட்டிப் பார்த்த விழாக்கள், ஒன்றைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டிய பாடத்திட்டமாகிவிட்டன.

சிறுவர் வாரம் இதற்கு நல்ல சாட்சி. அநாதைக் குழந்தை ஒன்றை அழைத்துக்கொண்டு உலகத்தைச் சுற்றிக் காட்டுவதுதான் அந்த விழா. அந்த விளையாட்டிலேயே மிக மென்மையானது அதுவாக இருக்கலாம். 2009இல் அதன் பட்டியலில் ஒரு கடமை இருந்தது: குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆட்டக்காரர் ஒருவரோடொருவர் மோதும் நான்கு போர்க்களங்களில் கொடி பிடிக்கவும் கோபுரம் தாக்கவும் வேண்டும். சண்டையே விரும்பாதவர்கள் டிராகனுக்காகப் போர்க்களத்தில் குவிந்தார்கள். சண்டைக்கென்றே வந்தவர்களோ, ஆளுக்கொரு கொடியைத் தேடி ஓடும் தோழர்களை வைத்துக்கொண்டு தோற்றார்கள். இரு தரப்பும் கசந்துபோயின. குழந்தையை எவரும் நினைக்கவில்லை.

காதலர் தின விழாவில் 2010இல் வந்த ரொக்கெட் இன்னொரு வகை. ஒரு பாத்திரத்துக்கு நாளொன்றுக்கு ஒரு முயற்சி; கிடைக்கும் வாய்ப்போ மிக மிகக் குறைவு. வாய்ப்பைக் கூட்டுவதற்காகப் பத்து, இருபது பாத்திரங்களை வளர்த்து, தினமும் அத்தனையையும் வரிசையாக அதே எதிரியிடம் கொண்டுபோனவர்கள் உண்டு. அதை விழா என்பதைவிடத் தொழிற்சாலைப் பணிமுறை என்பதே பொருத்தம்.

உளவியலாளர் இதை முன்பே கண்டிருந்தார்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெற் ஆகிய மூவர், ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாலர் பள்ளியில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். இயல்பாகவே படம் வரைய விரும்பும் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொன்றுக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவதுக்கு ஒன்றுமில்லை. சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது, முன்கூட்டியே வாக்குப் பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைப்போல ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை. கெடுத்தது பரிசல்ல, ஒப்பந்தம். தரையில் தற்செயலாகக் கிடந்த கிராக்கரும், பட்டியல் போட்டு வாக்களித்த டிராகனும் ஒன்றல்ல என்பதை இந்த ஆய்வு விளக்கிவிடுகிறது.

போர்ட்நைட் இரு பக்கத்துக்கும் உதாரணம் தருகிறது. 2018 யூன் 30ஆம் திகதி அந்த விளையாட்டின் வானத்தில் ஒரு ரொக்கெட் ஏவப்பட்டது. குறித்த நேரத்தில் ஒரே ஒருமுறை. பார்த்தவருக்குக் காட்சியைத் தவிர ஒன்றும் கிடைக்காது. ஒருவரையொருவர் சுட வந்தவர்கள் சுடுவதை நிறுத்தி, மேடை கட்டி ஏறி நின்று அண்ணாந்து பார்த்தார்கள். 2019 பெப்ரவரியில் மார்ஷ்மெல்லோ நடத்திய இசை நிகழ்ச்சிக்கு ஒரு கோடிக்கும் அதிகமானோர் வந்தார்கள்.

அதே போர்ட்நைட்தான், பணம் கட்டி வாங்கி, பருவம் முடிவதற்குள் விளையாடிப் பரிசுகளைத் திறக்கும் பருவ அட்டையையும் உலகெங்கும் பரப்பியது. பருவம் முடிந்தால் பரிசுகள் போய்விடும். அதன் கடையில் ஓடிய கணக்குக் கடிகாரங்கள் சிறுவரை நெருக்குகின்றன என்று நெதர்லாந்தின் நுகர்வோர் அதிகாரசபை 2024 மே மாதத்தில் எபிக் நிறுவனத்துக்கு 11 லட்சம் யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. அதே ஆண்டில் நிறுவனம், இனி வரும் அட்டைகளின் பொருட்களை 18 மாதங்களுக்குப் பிறகு கடையில் விற்கக்கூடும் என்று அறிவித்தது. பழைய ஆட்டக்காரர் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் வாங்கியது உடையை அல்ல. மற்றவரிடம் அது இல்லாதிருப்பதை. நீலத் தொப்பிக்குப் பெட்டகம் தேடியவர்கள் காத்ததும் அதையேதான்.

ஆகவே பரிசா மகிழ்ச்சியா என்று கேட்பதில் பாதி விஷயம் விட்டுப்போகிறது. பண்டிகைக்கு ஓர் அடிப்படைக் குணம் உண்டு: அது திரும்பி வரும். இந்த வருடம் காய்ச்சலில் படுத்த பிள்ளை அடுத்த வருடம் மத்தாப்புக் கொளுத்தும். எந்தப் பரிசு ‘அடுத்த முறையும் வா’ என்கிறதோ அது விழாவின் பகுதி. எது ‘இப்போது வராவிட்டால் இனி இல்லை’ என்கிறதோ அது கடையின் பகுதி. போர்ட்நைட்டின் ரொக்கெட்டும் திரும்பி வராததுதான், உண்மை. ஆனால் அதைப் பார்த்தவர் விற்பதற்கு எதையும் கொண்டுபோகவில்லை. பார்க்காதவருக்குச் சொல்ல ஒரு கதையைத்தான் கொண்டுபோனார். கதை, பகிர்ந்தால் குறைகிற பொருள் அல்ல.

இந்த விழாக்களை வெறும் திரை விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. புலம்பெயர்ந்த நகரங்களில் வளரும் பிள்ளைகளுக்கு, அண்டை வீட்டாரோடு பகிரும் பொதுத் திடல் பெரும்பாலும் திரைக்குள்தான் இருக்கிறது. பருவம் மாறுவதையும் விழா வருவதையும் அவர்கள் அங்கேயும் கற்றுக்கொள்கிறார்கள். அந்தத் திடலில் விழா என்பது காலக்கெடுவோடு வரும் வேலை என்று அவர்கள் கற்றால், அது திரையோடு நிற்காது. வந்தவருக்கெல்லாம் ஒரு சின்னப் பொருள், தொலைத்தால் திரும்பத் தர ஒரு பொம்மை வியாபாரி, வராதவருக்கு அடுத்த ஆண்டு: இவ்வளவுக்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு நிறுவனம் உலாவிக்குள்ளேயே அதைச் செய்து காட்டியிருக்கிறது.