பேசக் கற்ற தொழிலாளர்கள்

யூபிலி மலர் என்றால் கோவில் எழும்பிய வரலாறும் பணியாற்றிய குருக்களின் வரிசையும் இடம்பெறுவது வழக்கம். அவற்றோடு, ஆலைகளிலும் பணிமனைகளிலும் உழைக்கும் நம் பங்கு மக்களின் பொருட்டு, கடல் கடந்த ஒரு பள்ளியின் வரலாற்றையும் இங்கு தருகிறோம்.

1891 மே 15-ல் திருத்தந்தை 13-ம் சிங்கராயர் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல், சங்கம் சேர்வது தொழிலாளரின் இயல்பான உரிமை என்று எடுத்துரைத்தது. அமெரிக்காவில் 1935-ல் வந்த வாக்னர் சட்டம், தனியார் துறைத் தொழிலாளர் பெரும்பாலோருக்கு நிர்வாகத்துடன் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையை அளித்தது. உரிமை கிடைத்துவிட்டது, ஆனால் அதைக் கையாளத் தெரிய வேண்டுமே! பகலெல்லாம் பாரம் சுமந்தவர், சங்கப் பொறுப்பாளராகி, நிர்வாகத்தின் வழக்கறிஞர் எதிரே அமர்ந்தால் நா எழுமா? சங்கக் கூட்டத்திலும் இதே தொல்லைதான். விதிமுறை அறிந்த சிலர் விவாதத்தை நள்ளிரவு வரை இழுத்தடிப்பர். குடும்பஸ்தர்கள் களைத்து வீடு திரும்பியதும், தமக்கு வேண்டிய தீர்மானத்தை நிறைவேற்றிக் கொள்வர்.

இக்குறையைப் போக்கவே நியூயார்க் நகரில் சேசு சபையார் 1936-ல் சவேரியார் தொழிலாளர் பள்ளியைத் தொடங்கினர். 1940 முதல் வண. பிலிப் கேரி அடிகளார் அதை நடத்தி வந்தார். வேலை முடிந்து வருவோருக்கு மாலை வகுப்புகள். மேடைப் பேச்சு, கூட்ட நடைமுறை, தொழிற்சட்டம், சங்க வரலாறு, தொழில் அறநெறி ஆகியவையே பாடங்கள். தீர்மானத்தை எப்படி முன்மொழிவது, எப்போது ஆட்சேபிப்பது என்பதெல்லாம் அங்கே படிப்பாயிற்று. இத்தகைய கத்தோலிக்கப் பள்ளிகள் அந்நாட்டில் நூற்றுக்கும் மேலாகப் பெருகின.

1946-ல் வண. ஜான் காரிடன் அடிகளார் அங்கு வந்து சேர்ந்தார். துறைமுகத்தில் அன்றாடம் காலையில் கூலிகள் அரைவட்டமாக நிற்பர். மேஸ்திரி கை காட்டியவருக்கே அன்றைய வேலை. காதிடுக்கில் பல்குச்சி செருகியிருந்தால், கூலியில் பங்கு தரச் சம்மதம் என்று பொருள்! எதிர்த்தவருக்கு உயிருக்கே ஆபத்து. அடிகளார் விவரங்களைத் திரட்டிச் செய்தியாளருக்குக் கொடுத்தார், தொழிலாளருக்குத் துணிவூட்டினார். 1953-ல் துறைமுக ஆணையம் அமைந்து, அந்த ஆள்பிடிப்பு முறை ஒழிந்தது. ஆயினும் 1954 தேர்தலில் பழைய சங்கமே சொற்ப வாக்குகளில் வென்றது. பல்லாண்டு அச்சம் ஒரு நாளில் நீங்குவதில்லை என்பதற்கு இதுவே சான்று. அதே ஆண்டு வெளிவந்த ‘ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்’ திரைப்படத்தில் வரும் குருவானவர், காரிடன் அடிகளாரை முன்மாதிரியாகக் கொண்டு படைக்கப்பட்டவரே.

நம் நாட்டிலும் 1949-ல் ஜாம்ஷெட்பூரில், சேசு சபையைச் சேர்ந்த வண. குவின் என்ரைட் அடிகளார், தொழிலாளர் உறவுகளுக்கென்றே சவேரியார் பெயரால் ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

இவ்வரலாற்றில் நாம் கற்பது என்ன? நியாயம் நம் பக்கம் இருந்தால் மட்டும் போதாது. எந்த விதி மீறப்பட்டது, எந்தத் தேதியில், யார் சாட்சி என்று நிதானமாக எடுத்துச் சொல்லத் தெரிய வேண்டும். அதைக் கற்றவர் கத்த வேண்டியதில்லை. கெஞ்ச வேண்டியதும் இல்லை. தமக்காகப் பேச இன்னொருவரைத் தேடி அலையவும் வேண்டாம்.

1955-ல் திருத்தந்தை 12-ம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். அந்நாளைக் கொண்டாடும் நாம், நம் இளைஞருக்கு இக்கல்வியையும் வழங்குவோமாக!