வீட்டு இணையத்துக்கு இரண்டு காவல் தேவை

வீட்டு ரவுட்டரில் உள்ள ஃபயர்வால் எனும் தீச்சுவர், வாசல் கேட்டைப் போன்றது. உள்ளிருந்து யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வரும் தொடர்புகளை அது தடுக்கும். ஆனால், கிருமி புகுந்த மடிக்கணினி ஒன்று அதே வைஃபையில் உள்ள மற்றக் கணினிகளைத் தாக்கினால், ரவுட்டர் பெரும்பாலும் தடுக்காது. 2017 மே மாதம் பரவிய வான்னாகிரை கிருமி, ஒரே கட்டமைப்பில் இருந்த கணினிகளுக்கு இப்படியும் தாவியது.

அங்கே காப்பது கணினியிலுள்ள மென்பொருள் தீச்சுவர்; அது அறைக் கதவு. உணவக வைஃபையிலும் அதுவே துணை. விண்டோஸில் உள்ளதை அணைக்காமல் வைத்தாலே போதும்.

ரவுட்டருடன் வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை உடனே மாற்றிவிட வேண்டும். வங்கிக் கடவுச்சொல்லை மோசடிக்காரரிடம் பயனரே கொடுத்துவிட்டால், இரண்டு சுவரும் காப்பாற்றா.