காமிராவைச் சுமந்த பை

ஒரு கருவியின் வரலாற்றை அதன் உறுப்புகளில் தேடுவது வழக்கம். அதனைச் சுமந்த பையிலும் அவ்வரலாறு பொதிந்துள்ளது என்பது என் கருத்து.

1855-ஆம் ஆண்டில் ரோஜர் ஃபென்டன் என்னும் ஆங்கிலேயர் கிரிமியப் போரைப் படமெடுக்கச் சென்றார். அவர் கொண்டு சென்றவை 5 காமிராக்கள், 700 கண்ணாடித் தகடுகள், 36 பெட்டிகள்! தகட்டில் பூசிய மருந்து உலருமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டிய காலம் அது. ஆகவே மது வணிகர் ஒருவரின் குதிரை வண்டி, நடமாடும் இருட்டறையாயிற்று. வெளிர்நிறமான அவ்வண்டி பீரங்கிகளுக்கு எளிய இலக்கு. குண்டுகள் விழும் பள்ளத்தாக்குக்குப் புறப்படுமுன், இதுவே கடைசிப் படமாகவும் கூடுமென எண்ணி, உதவியாளர் ஸ்பார்லிங் வண்டி மீதமர்ந்து படமெடுத்துக்கொண்டார்.

1871-இல் மேடாக்ஸ் என்ற மருத்துவர் உலர்தகட்டுக்கு வழிகாட்டினார். இருட்டறை வண்டிக்கு வேலை குறைந்தது. 1925-இல் வெளிவந்த லைக்கா, கோட்டுப் பைக்குள் அடங்குமளவு சிறியது. ஆயினும் லென்சுகள் பெருகப் பெருகச் சுமை மீண்டும் தோளேறிற்று.

1970-களில் ஃபிலடெல்ஃபியா நாளேடொன்றின் புகைப்படக்காரர் ஜிம் டோம்கி, கடினமான பெட்டிகளை விடுத்து, நெகிழ்வான கித்தான் பையொன்றை வகுத்தார். இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் நிறுவனம் தூண்டிற்காரர்களுக்கெனத் தைத்த பைகளையோ நியூயார்க் புகைப்படக்காரர்கள் விரும்பி வாங்கினர். வியப்பென்ன? நனையாமை, உறுதி, கைக்கு எளிதில் எட்டுதல் ஆகிய மூன்றும் இருவருக்கும் பொதுத் தேவைகளல்லவா?

மாணவர்களே, பை எத்தனை பொருள் கொள்ளும் என்று கேட்குமுன், வேண்டிய கணத்தில் காமிரா கைக்கு வருமா என்று கேளுங்கள். காட்சி நமக்காகக் காத்திராது.